படுக்கைப் புண்: வருமுன் காத்தலும் வந்தபின் பேணலும்

பக்கவாதத்தால் ஒரு புறம் செயலற்றோ, இடுப்பெலும்பு முறிந்தோ, முதுகுத்தண்டில் அடிபட்டோ வார்டில் சேருகிற நோயாளி, எந்த வியாதியின் பொருட்டு வந்தாரோ அது தணிந்துவரும் தறுவாயில், வந்த நாளில் இல்லாத ஒரு புண்ணை இடுப்பின் பின்புறத்தில் பெற்று, அதன் காரணமாகவே மேலும் பல வாரங்கள் படுக்கையில் கிடக்க நேர்வது நம் ஆஸ்பத்திரிகளில் அபூர்வமான காரியமன்று. மூல வியாதியைக் குணப்படுத்தப் பெரிய வைத்தியர்களும் விலையுயர்ந்த மருந்துகளும் வேண்டியிருக்கலாம்; இந்தப் புண் வராமல் தடுப்பதற்கோ, உரிய வேளையில் பார்க்கிற கண்ணும், தொட்டறிகிற கையும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேரின் ஒத்துழைப்புமே முதன்மையாக வேண்டப்படுபவை. ஆகையால் இந்த அத்தியாயத்தைப் பெரும்பாலும் நர்சுகளையும், நோயாளியின் பக்கத்தில் இரவும் பகலும் இருக்கிற உறவினர்களையும் மனத்தில் கொண்டே எழுதுகிறேன். டாக்டர்களுக்குரிய பகுதிகள் பின்னால் வருகின்றன.

புண் எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், செய்ய வேண்டியவை இன்னவை என்பது பாதிக்கு மேல் தாமாகவே விளங்கிவிடும். எலும்பு புடைத்திருக்கும் இடங்களில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே அகப்பட்ட சதையும் தோலும் சரீரத்தின் பாரத்தால் நசுங்குகின்றன; அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன; பிராணவாயு வந்து சேராமலும், கழிவுப் பொருள்கள் வெளியேறாமலும் அப்பகுதி சிறிது சிறிதாக மடியத் தொடங்குகிறது. லாண்டிஸ் என்னும் ஆராய்ச்சியாளர் 1930-இல் மனிதர்களின் நகக்கண்ணிலுள்ள நுண்குழாய்களில் ரத்தத்தின் அழுத்தத்தை அளந்து, குழாயின் தொடக்கத்தில் அது சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரச அளவு இருப்பதாகக் கண்டார். அந்த எண்ணை ஓர் எல்லைக்கோடாகக் கொண்டு, அதற்குக் கீழே அபாயமில்லை என்று பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால் நகக்கண்ணில் அளந்ததை இடுப்புக்கும் குதிகாலுக்கும் அப்படியே பொருத்துவது சரியன்று. ரத்தவோட்டம் குன்றிய முதியவருக்கும், ரத்த அழுத்தம் மிகத் தாழ்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவருக்கும் அதைவிடக் குறைந்த அழுத்தமே தீங்கு செய்யப் போதும். 1959-இல் நாய்களிடம் சோதனை நடத்திய கோசியாக் என்ற வைத்தியர் கண்டறிந்த உண்மையே நமக்கு அதிகப் பிரயோஜனமுள்ளது: கடுமையான அழுத்தம் சிறிது நேரத்தில் செய்கிற கேட்டை, மிதமான அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் அதுவும் செய்துவிடுகிறது. பாரத்தை நம்மால் முழுவதும் நீக்க முடியாது. ஆனால் அது ஓரிடத்தில் தங்குகிற காலத்தைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகிற உபாயங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைத்தவை.

மேலும் இரண்டு காரணங்களை இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தியவுடன் நோயாளியின் உடல் மெல்லக் கீழே சறுக்குகிறது. தோலோ விரிப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. உள்ளே எலும்பு ஒரு திசையிலும் வெளியே தோல் மற்றொரு திசையிலும் இழுக்க, இடையிலுள்ள ரத்தக் குழாய்கள் நீண்டு முறுகி அடைபடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மற்றொன்று ஈரம். வியர்வையிலும் சிறுநீரிலும் மலத்திலும் ஊறிய தோல் தன் உறுதியை இழந்து, சிறு உராய்விலும் உரிந்துபோகிறது. இவற்றுள் ஆழத்தில் நிகழ்கிற சேதமே பெரிது; தோலைவிடத் தசை விரைவில் மடிவதால், மேலே ஒரு ரூபாய் நாணயமளவு திறந்திருக்கும் புண், விரலால் ஓரங்களைத் துழாவிப் பார்க்கையில் உள்ளங்கையளவுக்குக் குழிந்திருப்பதைக் கண்டு, அனுபவமுள்ளவர்களும் திகைக்கிறார்கள். அறுவை மேஜையில் பல மணி நேரம் அசையாமல் கிடந்தவருக்கு, அன்றைக்கு ஒன்றும் தோன்றாமல், இரண்டு மூன்று நாள் கழித்துப் பின்புறம் ஊதா நிறமாகக் கன்றித் தெரிவதும் இந்தக் காரணத்தினால்தான்.

ஆரோக்கியமுள்ள மனிதன் எட்டு மணி நேரம் உறங்கினாலும் அவனுக்குப் படுக்கைப் புண் வருவதில்லை. ஓரிடம் அழுந்தி வலித்தவுடன், விழிக்காமலே அவன் புரண்டு படுத்துவிடுகிறான். அந்த வலியை உணராதவரும், உணர்ந்தாலும் அசைய முடியாதவரும், அசைய முடிந்தும் மயக்க மருந்தினாலோ புத்தித் தடுமாற்றத்தினாலோ அசையாதவருமே நம் முழுக் கவனத்துக்கும் உரியவர்கள். வலியுணர்ச்சி இல்லாமற் போவது எத்தகைய கேடு என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியதில் வேலூருக்குப் பெரும்பங்கு உண்டு. 1946-இல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் எல்லோரும் நம்பியிருந்ததை மறுத்து, உணர்ச்சியற்ற கைகால்கள் அன்றாடம் படுகிற காயங்களும் அழுத்தங்களுமே அவற்றைச் சிதைக்கின்றன என்று நிறுவினார். அவரோடு பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்தும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கியதற்கு அவருடைய உழைப்பே காரணம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு இத்தகைய நிலையங்களில் கற்பிக்கப்படும் முதற்பாடங்களில், கைக்கண்ணாடி கொண்டு தம் பின்புறத்தைத் தாமே தினமும் பார்த்துக்கொள்வதும், நாற்காலியில் இருக்கையில் அடிக்கடி முன்னே சாய்ந்து பாரத்தை மாற்றுவதும் இடம் பெறுகின்றன.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் 1944-இல் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன் செய்ததும் இதோடு சேர்த்து அறியத் தக்கது. முதல் உலக யுத்தத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தாரையின் நோய்களாலும் மாண்டுபோயினர். அது தவிர்க்க முடியாத விதியென்றே வைத்தியர்கள் கருதியிருந்தனர். குட்மன் அந்த விதியை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, பகலோடு இரவும், நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கும் முறையை அவர் கண்டிப்பாக நடத்தினார். அவருடைய வார்டில் மனிதர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்கள் விளையாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்டார்கள்.

இனி நோயாளி வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவோம். வந்த எட்டு மணி நேரத்துக்குள், இயன்றால் அதற்கும் முன்பே, தலை முதல் குதிகால் வரை தோல் முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மல்லாந்து கிடப்பவருக்குப் பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, முதுகுத்தண்டு முடியும் இடம், குதிகால் ஆகியவையும், ஒருக்களித்துப் படுத்தவருக்குக் காது மடல், தொடையெலும்பின் வெளிப்புறப் புடைப்பு, முழங்காலின் உட்புறம், கணுக்கால் முண்டு ஆகியவையும், நாற்காலியில் அமர்ந்தவருக்குப் பிட்டத்தின் அடியிலுள்ள உட்காரும் எலும்பின் முனைகளும் அபாயமான இடங்கள். அபாயத்தை மதிப்பிட அளவுகோல்கள் உண்டு. டொரீன் நார்ட்டன் என்ற ஆங்கில நர்சு தம் சகாக்களுடன் 1962-இல் வெளியிட்டது ஒன்று; அமெரிக்க நர்சுகளான பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ரமும் 1987-இல் வெளியிட்டது மற்றொன்று. பின்னது உணர்வு, ஈரம், நடமாட்டம், படுக்கையில் அசையும் திறன், போஷாக்கு, உராய்வும் சறுக்கலும் என்னும் ஆறு அம்சங்களைக் கொண்டு 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. 18-உம் அதற்குக் கீழும் அபாயத்தைக் குறிக்கும். கேஸ் ஷீட்டில் எண்ணை எழுதுவதோடு நின்றுவிடுகிற வழக்கம் பரவலாக இருப்பதால் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொத்த மதிப்பெண்ணைவிட, எந்த அம்சத்தில் மதிப்பெண் குறைந்தது என்பதே நர்சுக்கு வழி காட்டுவது. ஈரத்தில் குறைந்தவருக்கு விலையுயர்ந்த மெத்தையும், அசைவில் குறைந்தவருக்குக் களிம்பும் கொடுத்துப் பயனில்லை.

தோலைப் பார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், மேல்நாட்டுப் புத்தகங்களில் உள்ளபடி பார்த்தால் நம்மவர்களின் தோலில் முதல் அறிகுறி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. புத்தகம் சொல்வது இது: சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுக்க வேண்டும், வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்தவோட்டம் திரும்புகிறது, வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது முதல் நிலைக் காயம். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை, வெளுப்பும் தெரிவதில்லை. அத்தகைய தோலில் கண்ணைக் காட்டிலும் கையை நம்ப வேண்டும். வார்டின் மங்கிய விளக்கை விட்டு, ஜன்னலைத் திறந்து பகல் வெளிச்சத்திலோ, டார்ச் விளக்கிலோ, சந்தேகமான இடத்தைச் சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே நிறம் சற்று அதிகமாகக் கறுத்தோ, நீலம் பாய்ந்தோ, ஊதாவாகவோ இருக்கலாம். பிறகு புறங்கையை அங்கே வைத்து, அதே புறங்கையைச் சற்று விலகியுள்ள தோலிலும் வைத்து உஷ்ணத்தை ஒப்பிடுங்கள்; காயம்பட்ட இடம் முதலில் சுடும், பிறகு குளிர்ந்துபோகும். விரல் நுனிகளால் மெல்ல அழுத்தினால், கல்லைப்போல் இறுகியோ, சேறுபோல் அமுங்கியோ இருக்கக் காணலாம். நோயாளிக்கு உணர்வு இருந்தால் வலிக்கிறதா, எரிகிறதா என்று கேட்பதற்குச் சோம்பக் கூடாது. தோல் காட்டாததை அவர் சொல்லிவிடுவார். இவற்றில் ஒன்று மாறுபட்டிருந்தாலும் அதைக் காயமாகவே பாவித்து, அன்றே அந்த இடத்திலிருந்து பாரத்தை நீக்கிவிட வேண்டும். இந்த நிலையில் கண்டுகொண்டால் சில தினங்களில் முற்றிலும் சரியாகிவிடக் கூடியது, ஒரு வாரம் கவனியாமல் விட்டால் ஆறுவதற்கு மாதக் கணக்காகிறது.

ஷிப்டு மாறும்போது, போகிறவரும் வருகிறவரும் கட்டிலருகே நின்று, அபாயமுள்ள நோயாளியின் பின்புறத்தைச் சேர்ந்தே பார்க்கும் வழக்கம் சில வார்டுகளில் இருக்கிறது. இதைப்போல் நல்ல வழக்கம் வேறில்லை. இரண்டு பேர் கண்ட காயம் மறைந்துவிடாது. அது எப்பொழுது தோன்றியது என்ற வீண் சச்சரவும் எழாது.

அடுத்தது புரட்டிப் படுக்க வைத்தல். இரண்டு மணி நேரம் என்ற கணக்கு எல்லோருக்கும் ஒரே சட்டமன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆராய்ச்சியில், இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளுக்குள் புண் உண்டாவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. அதைப் படித்துவிட்டு நம் வார்டுகளிலும் நான்கு மணி நேரமே போதுமென்று கொள்வது தவறு. அங்கே எல்லோரும் படுத்திருந்தது உயர்ந்த அடர்த்தியுள்ள நுரை மெத்தையில். ரெக்ஸின் உறையிட்ட பழைய தேங்காய்நார் மெத்தையில் கிடப்பவருக்கு இரண்டு மணி நேரமே அதிகம் என்பது என் கருத்து. நாற்காலியில் அமர்த்தப்பட்டவரை அதற்கும் குறைந்த இடைவெளியில் மாற்ற வேண்டும். உட்கார்ந்த நிலையில் பாரமெல்லாம் இரண்டு சிறிய எலும்பு முனைகளின் மீது இறங்குகிறது.

புரட்டும் முறையை ஒரு பக்கவாத நோயாளியை வைத்துக் காட்டுகிறேன். இடப்புறம் செயலற்ற அவர் இப்போது மல்லாந்து கிடக்கிறார். வலப்புறம் திருப்ப வேண்டும். தோளிலிருந்து தொடை வரைக்கும் எட்டும்படி நான்காக மடித்த ஒரு பருத்தி விரிப்பு முன்னமே அவருக்கு அடியில் கிடக்கட்டும். கட்டிலைத் தட்டையாக்கி, இருவர் இரு பக்கமும் நின்று, "பெரியவரே, உங்களை வலப் பக்கமாகத் திருப்பப் போகிறோம்" என்று காது கேட்கச் சொல்லிவிட்டு, அந்த விரிப்பின் ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து, உடலை மெத்தையிலிருந்து தூக்கி இடப்புற ஓரத்துக்கு நகர்த்துங்கள். இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்து மேலே இழுப்பதுதான் நம் வார்டுகளில் அன்றாடம் காண்கிற காட்சி. தோல் உரிவதற்கும், செயலற்ற தோள் மூட்டு நழுவுவதற்கும் அதுவே வழி. பிறகு இடது முழங்காலை மடித்து, தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிடித்து, வலப்புறமாகச் சாயுங்கள். நேர் பக்கவாட்டில் நிறுத்திவிடாமல் முப்பது டிகிரி அளவுக்குச் சாய்த்து, முதுகின் பின்னே ஒரு தலையணையை நீளவாட்டில் அணை கொடுத்தால், பாரம் பிட்டத்தின் சதைப்பற்றான பகுதியில் இறங்கும்; முதுகுத்தண்டின் முடிவிடமும் மெத்தையில் படாது, தொடையெலும்பின் புடைப்பும் படாது. இது சரியாக அமைந்ததா என்பதை அறிய, உள்ளங்கையை அவருடைய இடுப்பின் அடியில் நுழைத்துப் பாருங்கள். முதுகுத்தண்டின் முனை கைக்கு மேலே சற்று விலகி நின்றால் சரி. முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணையும், கெண்டைக்கால் முழுவதும் படியுமாறு இன்னொரு தலையணையும் வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். குதிகாலின் அடியிலேயே தலையணை வைப்பது பயனற்றது. தலையின் கீழ் காது மடல் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, விரிப்பில் சுருக்கமோ, ஊசி மூடியோ, பிஸ்கட் துணுக்கோ கிடக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை கையால் தடவிப் பார்த்த பின்பே அந்தக் கட்டிலை விட்டு நகர வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மூக்குக் குழாய் வழியே ஆகாரம் கொடுக்கப்படுகிறவருக்கு, உணவு மூச்சுக்குழலில் ஏறாமலிருக்கத் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். சறுக்கல் கூடாதெனில் அது தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டையும் ஓரளவு சமாளிக்க வழி இருக்கிறது. முதலில் கட்டிலின் முழங்கால் பகுதியை உயர்த்தி அல்லது முழங்காலுக்கடியில் தலையணை கொடுத்து, பிறகே தலைப்பக்கத்தை முப்பது டிகிரிக்கு உயர்த்த வேண்டும்; உயர்த்திய பின் நோயாளியை முதுகு மெத்தையை விட்டு விலகும்படி ஒரு கணம் முன்னே சாய்த்து மீண்டும் படுக்க வைத்தால், தோலில் ஏற்பட்ட இழுப்பு விடுபடும். உணவு முடிந்து அரைமணியோ ஒரு மணியோ சென்றபின், டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிராவிட்டால், தாழ்த்திவிடலாம்.

இவ்வளவையும் யார் செய்வது? ஒரு நர்சு பல கட்டில்களைக் கவனிக்க வேண்டியிருக்கும் பொது வார்டில், இரண்டு மணிக்கொரு முறை ஒவ்வொருவரையும் அவரே புரட்ட வேண்டும் என்று எழுதி வைப்பது நடைமுறையறியாத பேச்சு. நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் மனைவியோ, மகளோ, அண்ணனோ கட்டிலின் அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு உடனிருக்கிறார்கள். அவர்களை இடைஞ்சலாகப் பாவிக்கும் வார்டும் உண்டு. கூட்டுப் பணியாளராகப் பாவிக்கும் வார்டும் உண்டு. பின்னதில் புண்கள் குறைவு என்பதை இரண்டிலும் இருந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். முதல் நாளே அவர்களைக் கூப்பிட்டு, "அம்மா, இதோ இப்படிப் பிடியுங்கள்" என்று கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்து, மறுமுறை அவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்து, கட்டிலின் கால்மாட்டில் வலம், மல்லாந்து, இடம் என்று மணிவாரியாக எழுதிய ஒரு அட்டையைத் தொங்கவிட்டால், வயதான பாட்டியும் கடிகார முள்ளைப் பார்த்துக் காரியத்தை நடத்துவாள். ஆயினும் பொறுப்பு நர்சுடையதே. உறவினருக்கும் உறக்கமும் ஆகாரமும் வேண்டும் என்பதையும், அவர் வீட்டுக்குப் போய் வருகிற வேளைகளில் யார் புரட்டுவது என்பதையும் எண்ணி ஏற்பாடு செய்யாத வார்டில், புண் வந்தபின் அவர்மேல் பழி சுமத்துவது அநியாயம்.

மெத்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல நுரை மெத்தை சாதாரண மெத்தையைவிட மேலானது. மிகுந்த அபாயமுள்ளவர்களுக்கு மாறி மாறிக் காற்று நிரம்பும் ஏர் பெட் உதவும். ஆனால் எந்த மெத்தையும் புரட்டுவதற்குப் பதிலாகாது. ஏர் பெட் மீது போர்வையும் ரப்பர் ஷீட்டும் டயப்பரும் மடிப்பு மடிப்பாக விரித்தால் அதன் பயன் போய்விடும். மின்சாரம் நின்றால் காற்று இறங்கும். ஆகையால் ஷிப்டுக்கு ஒரு முறையேனும், மெத்தையின் அடியில் நோயாளியின் இடுப்புக்கு நேராக உள்ளங்கையை மேல்நோக்கி நுழைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் மெத்தை வேலை செய்யவில்லை. வளையம்போன்ற ரப்பர் ஏர் குஷனையும், தண்ணீர் நிரப்பிய ரப்பர் கையுறையைக் குதிகாலுக்கடியில் வைக்கும் பழக்கத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும். வளையம் தன் விளிம்பால் சுற்றிலும் நெருக்கி, நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் வராமல் செய்கிறது.

தோலைப் பேணுவதிலும் இவ்வாறே களைய வேண்டிய சம்பிரதாயங்கள் சில உள்ளன. முதுகில் ஸ்பிரிட்டைத் தேய்த்து, பவுடர் தூவி, எலும்பு மேட்டில் பலமாக மசாஜ் செய்வது தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. ஸ்பிரிட் தோலை உலர்த்தி வெடிக்கச் செய்கிறது. பவுடர் வியர்வையில் ஊறிக் கட்டிகளாகி உராய்கிறது. ஏற்கெனவே நசுங்கிய சதையைத் தேய்ப்பது சேதத்தை மிகுதியாக்குகிறது. வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, வறண்ட தோலுக்குச் சிறிது தேங்காய் எண்ணெயையோ வேறு மென்மையூட்டும் களிம்பையோ அழுத்தாமல் தடவினால் போதும். மலமோ சிறுநீரோ கட்டுப்பாடின்றிப் போகிறவருக்கு, நனைந்தவுடன் சுத்தம் செய்து துத்தநாகக் களிம்பு போன்றதொரு காப்பைப் பூசுவது அவசியம். மடிப்புகளிலும் தொடையிடுக்கிலும் பரவலாகச் சிவந்து எரிவது ஈரத்தால் வந்தது. எலும்பின் மேல் ஓரிடத்தில் குவிந்து தோன்றுவது அழுத்தத்தால் வந்தது. இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

ஆஸ்பத்திரிச் சாதனங்களே புண் உண்டாக்குவதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். பிராணவாயு முகமூடி மூக்குத் தண்டிலும், மூக்குக் குழாய் நாசியின் ஓரத்திலும், கழுத்துப் பட்டை தாடையிலும், மாவுக்கட்டு கணுக்காலிலும், விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் விரல் நுனியிலும் பதிந்து கிடக்கின்றன. கொரோனாக் காலத்தில் நோயாளிகளை நெடுநேரம் குப்புறப் படுக்க வைத்தபோது, அதுவரை யாரும் அதிகம் கண்டிராத வகையில் நெற்றியிலும் கன்னத்திலும் மோவாயிலும் புண்கள் வந்ததை அத்தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணி செய்தவர்கள் அறிவார்கள். நாளுக்கு இரு முறையாவது சாதனத்தைத் தளர்த்தி, அடியிலுள்ள தோலைப் பார்த்து, இயன்றால் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். பெட் பானை வைத்துவிட்டு மறந்துபோவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஆகாரத்தின் விஷயத்தில் நம் மக்களிடையே வேரூன்றிய ஒரு நம்பிக்கையோடு போராட வேண்டியிருக்கிறது. புண் உள்ளவருக்கு முட்டையும் மீனும் பருப்பும் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று எண்ணி, கஞ்சியும் ரசஞ்சாதமும் மட்டுமே கொடுத்துப் பத்தியம் காக்கிறார்கள். புதிய சதை வளர்வதற்குப் புரதமே மூலப்பொருள். அதை நிறுத்திவிட்டுக் கட்டு மாற்றிக்கொண்டே இருப்பதால் புண் ஆறாது. புண் உள்ளவருக்கும், போஷாக்குக் குறைந்து புண் வரக்கூடியவருக்கும், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 30 முதல் 35 கலோரியும், 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 1,500 கலோரிக்கு மேலும், 62 முதல் 75 கிராம் புரதமுமாகும். ஒரு முட்டையிலும், ஒரு தம்ளர் பாலிலும் தனித்தனியே ஆறு கிராம் அளவே இருப்பதால், இந்தக் கணக்கைக் கஞ்சியால் ஒருபோதும் எட்ட முடியாது. குழைய வெந்த பருப்பு, தயிர், மசித்த சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்கும்படி, அதட்டாமல், காரணத்தைச் சொல்லி உறவினருக்கு விளக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை நிர்ணயிக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் புண் வந்துவிட்டால் அதன் ஆழத்தைக் கொண்டு நிலையை நிர்ணயிக்கிறோம். தோல் கிழியாமல் நிறம் மாத்திரம் மாறியது முதல் நிலை; மேல்தோல் போய்ச் சிவந்த ஈரமான அடித்தோல் தெரிவதோ, தெளிந்த நீர்க் கொப்புளமோ இரண்டாம் நிலை; தோல் முழுவதும் அழிந்து கொழுப்பு தெரிவது மூன்றாம் நிலை; தசையோ தசைநாணோ எலும்போ தெரிவது நான்காம் நிலை. செத்த சதை மூடியிருப்பதால் அடி தெரியாத புண்ணுக்கு, அதை நீக்கும் வரை நிலை குறிக்க இயலாது. ஊதா நிறமாகக் கன்றிய தோல், கிழியாமலிருந்தாலும், ஆழ்ந்த சேதத்தின் அறிகுறி.

எந்த நிலையாயினும் முதல் சிகிச்சை ஒன்றே: அந்தப் புண்ணின் மேல் நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது. இதைச் செய்யாமல் எந்த மருந்தைப் போட்டாலும் பிரயோஜனமில்லை. கட்டு மாற்றுவதற்கு அரைமணிக்கு முன்பே வலி மாத்திரை கொடுத்துவிட்டு, சலைனால், அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய சுத்தமான நீரால், தாராளமாகக் கழுவ வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமியோடு புதுச்சதையையும் கொன்றுவிடுகின்றன. புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்தினால் ஆறும் என்பது தவறான எண்ணம். அடிப்பாகம் ஈரப்பதமாகவும், சுற்றியுள்ள தோல் உலர்ந்தும் இருக்கும்படி கட்ட வேண்டும். குழியுள்ள புண்ணில் காஸைத் திணிக்காமல், தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்குத் தளர்வாக நிரப்ப வேண்டும். மஞ்சளாகவும் கறுப்பாகவும் ஒட்டியிருக்கும் செத்த சதையை நீக்குவது டாக்டருடைய வேலை. குதிகாலில் கறுத்துக் காய்ந்து, சுற்றிலும் சிவப்போ கசிவோ இல்லாமல் இறுகிப் பிடித்திருக்கும் பொருக்கை மட்டும் அவரும் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. காய்ச்சல், சுற்றிலும் பரவும் சிவப்பும் வீக்கமும், திடீரென்று மிகுந்த நாற்றம், சர்க்கரை அளவு காரணமின்றி ஏறுதல் ஆகியவை தோன்றினால் தொற்று ஆழமாகப் பரவுகிறதென்றும், எலும்பு தெரிந்தால் எலும்பே அழுகுகிறதோவென்றும் சந்தேகிக்க வேண்டும். இவை இல்லாதபோது, புண்ணின் மேற்பரப்பில் பஞ்சுக் குச்சியால் எடுத்த பரிசோதனையில் கிருமி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கொடுப்பதில் பயனில்லை. திறந்த புண் எதிலும் கிருமி இருக்கும்.

வாரம் ஒரு முறை, எப்பொழுதும் ஒரே கிடையில் நோயாளியைப் படுக்க வைத்து, தலையிலிருந்து கால் நோக்கிய நீளத்தையும், குறுக்கே அகலத்தையும், ஆழத்தையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் முன்னேற்றத்தின் சிறு அடையாளமும் காணாவிட்டால் மருந்தை மாற்றுவதற்கு முன், பாரம் உண்மையிலேயே நீங்கியிருக்கிறதா, உணவு உள்ளே போகிறதா என்று விசாரியுங்கள். ஆறிய வடு, நாளடைவில் முதிர்ந்தாலும், முன்னிருந்த தோலின் வலிவை முழுவதும் பெறுவதில்லை; அந்த இடத்தை ஆயுள் முழுவதும் காக்க வேண்டும்.

அந்திமக் காலத்தில் இருப்பவரிடம் இந்த விதிகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். புரட்டுவதே அவருக்கு வேதனையானால், அவருக்கு இதமான கிடையில் இருக்க விட்டுச் சிறு சிறு அசைவுகள் கொடுத்தால் போதும். துர்நாற்றம் அவரையும் சுற்றத்தாரையும் வருத்தினால், மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது நல்ல பலன் தருகிறது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் பல நல்ல வார்டுகளின் உழைப்பு வீணாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் புண்ணின்றி இருந்தவர், வீட்டில் கயிற்றுக் கட்டிலிலோ, திண்ணையிலோ ஒரு மாதம் கிடந்தபின் ஆழ்ந்த புண்ணோடு திரும்பி வருகிறார். ஆகவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே, வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யாரோ அவரையே வரவழைத்து, புரட்டுதல், குதிகாலைத் தூக்கி வைத்தல், தோலைத் தொட்டுப் பார்த்தல், கழுவிக் கட்டுதல் ஆகியவற்றைத் தம் கையாலேயே செய்து காட்டச் சொல்ல வேண்டும். வீட்டில் என்ன கட்டில், என்ன மெத்தை, பகலில் யார் இருப்பார், கழிவறைக்கு எப்படிக் கொண்டு போவார்கள் என்று கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அளிப்பதால், அப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகளின் பெயரோடு, புறப்படும் நாளில் தோல் இருந்த நிலை, புண் இருந்தால் அதன் இடமும் அளவும், புரட்ட வேண்டிய இடைவெளி, எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்பவற்றையும் தெளிவான தமிழில் எழுதி, அதை உறவினரைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.